சைப்பிரஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நாகூரா, தென் லெபனான்
20.03.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

என் இலக்கத்தை உங்கள் தொலைபேசியில் தடுத்து வைத்திருப்பதாகச் சுமித்திரா மாமி சொன்னார். சரி, கடிதத்தைத் தடுக்க முடியாதுதானே. தபால்காரர் படலையில் செருகிவிட்டுப் போனால் கிழிப்பதற்காகவாவது நீங்கள் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால் வாசிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் படைப்பிரிவின் ஐ.நா. பணி ஜூலை கடைசியில் முடிகிறது. நாடு திரும்பியதும் எனக்கு ஒரு மாத விடுமுறை. அந்த விடுமுறைக்கு வட்டக்கச்சிக்கு, வீட்டுக்கு வர விரும்புகிறேன். ஆமியில் சேர்ந்த இந்தப் பத்து வருடத்தில் ஒருதடவையும் நீங்கள் என்னைப் படலை தாண்ட விடவில்லை. இந்தமுறை விடுவீர்களா? ஒரு வரி எழுதினால் போதும்.

இனி என் கதை. எனக்கு இங்கே களஞ்சியத்தில் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். சாமான்களைக் கணினியில் பதியப் பழக்குகிறோம் என்று என்னை மூன்று நாள் வகுப்புக்குச் சைப்பிரஸ் தீவுக்கு அனுப்பினார்கள். வகுப்பு சனிக்கிழமை முடிந்தது. திரும்பும் விமானம் திங்கள் பின்னேரம். ஞாயிறு முழுவதும் எனக்கே எனக்கு. இருபத்தொன்பது வயதில் இப்படி ஒரு நாள் கிடைத்தது இதுதான் முதல்தடவை.

சீருடையைக் கட்டிலில் எறிந்துவிட்டு மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். நிக்கோசியாவிலிருந்து லார்னக்காவுக்கு பஸ். அங்கே ஓர் உப்பு ஏரி. ஆனையிறவு உப்பளம் போலத்தான், ஆனால் கரையில் காவலரண் இல்லை, நினைவுத்தூண் இல்லை. தண்ணீருக்குள் நூற்றுக்கணக்கில் பூநாரைகள். தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒன்றை ஒன்று சட்டைசெய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றரை மணித்தியாலம் ஒரு மர வாங்கில் இருந்து பார்த்தேன். ஒருவரும் அடையாள அட்டை கேட்கவில்லை. நானும் ஒருவருக்கும் சல்யூட் அடிக்கவில்லை.

பக்கத்தில் வந்திருந்த வயதான அம்மா ஒருவர், எந்த வீட்டில் வேலை செய்கிறாய் என்று கேட்டார். அங்கே நம் நாட்டுப் பெண்கள் நிறையப் பேர் வீட்டு வேலைக்கு இருக்கிறார்கள். திரும்பி வந்து நிக்கோசியாப் பூங்காவில் அவர்களையே கண்டேன். ஞாயிறு என்பதால் புல்லில் துணி விரித்து, சிங்களப் பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தார்கள். சோற்றுப் பார்சலில் பாதியைப் பிய்த்துத் தந்தார்கள், பருப்பும் தேங்காய்ச் சம்பலும். எந்த வீடு என்று அவர்களும் கேட்டார்கள். இன்னும் வீடு கிடைக்கவில்லை என்றேன். ஒருத்தி இரக்கப்பட்டு, ஆள் தேடுகிற ஒரு வீட்டு விலாசத்தை என் உள்ளங்கையில் எழுதிவிட்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பின்னேரம் பெரிய கடைத்தெருவில் பிஸ்தா ஐஸ்கிரீம் ஒன்று வாங்கினேன். இரண்டு உருண்டை. கால் வலிக்க வலிக்க நடந்தேன். அம்மா, அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். என்ன காரணம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதை உங்களுக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

பதிலைப் பார்த்திருக்கும்,
உங்கள் மகள் தேனுகா


வட்டக்கச்சி
18.04.2023
கொட்டகையில் 2249ஆம் நாள்

தேனுகா,

கிழிக்கத்தான் எடுத்தேன். நீ சொன்னபடியே வாசித்தும்விட்டேன். கெட்டிக்காரிதான்.

பூநாரைக்கு அவ்வளவு. ஐஸ்கிரீமுக்கு, அதுவும் எத்தனை உருண்டை என்ற கணக்கோடு, இவ்வளவு. அண்ணனின் பெயர் எங்கே என்று இரண்டுதரம் தேடினேன். ஓரிடத்திலும் இல்லை. மறந்துபோயிருப்பாய், நான் ஞாபகப்படுத்துகிறேன். அவன் பெயர் நிருஷன். 2009 வைகாசியில் வட்டுவாகலில் ஆமியிடம் ஒப்படைக்கும்போது அவனுக்குப் பதினெட்டு வயது. அவனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் கிளிநொச்சியில் ஏ9 வீதி ஓரத்துக் கொட்டகையில் உன் அம்மா ஆறு வருடமாக, பிள்ளையைப் பறிகொடுத்த மற்றத் தாய்மாரோடு, வெயிலில் குந்தியிருக்கிறாள். வருடப் பிறப்பன்றும் அங்கேதான். அதற்கு முதல்நாள் எங்களோடு குந்தியிருந்த மீனம்மா அக்கா செத்துப்போனார். மகன் வந்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டே போனார்.

மஞ்சள் சட்டை போட்டால் ஆமிக்காரி இல்லாமல் போய்விடுமா? உன்னை வீட்டு வேலைக்காரி என்று நினைத்தார்களாம், சிரிப்புத் தாங்கவில்லையாம். அப்படி ஒரு வேலைக்காரியாக நீ இருந்திருந்தால் நான் தினமும் உன் பெயரில் அர்ச்சனை செய்திருப்பேன்.

நீ அழுது எழுதியிருந்தால், சுகமில்லை என்று எழுதியிருந்தால், ஒருவேளை மனம் இளகியிருக்கும். சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். உன் பத்து வருடத்தையும் பொறுத்தேன். அந்த ஒரு நாளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வருவதைப் பற்றிக் கேட்டாய். முதலில் அண்ணன் வரட்டும். அவன் வந்தபிறகு நீ வா.

விமலேஸ்வரி


நாகூரா
10.05.2023

அம்மா,

பெயரைக்கூட அந்நியர் போலக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, பதில் வந்ததே.

அண்ணாவின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டேன். நல்ல பாதியை மட்டும் எழுதினால் நீங்கள் இரங்கி வரச் சொல்வீர்கள் என்று ஒரு மடத்தனமான கணக்கு. இதோ மற்றப் பாதி.

நிக்கோசியா நடுவால் பிளந்து கிடக்கிற நகரம். ஒரு பக்கம் கிரேக்கர், மறுபக்கம் துருக்கியர். இடையில் மண்மூட்டையும் முட்கம்பியும். நான் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பு நடந்த சண்டை. ஐஸ்கிரீம் வாங்கிய தெரு முடிகிற இடத்தில்தான் மறுபக்கம் போகிற கடவை. அங்கே கறுப்பு உடுப்புப் போட்ட கிழவி ஒருத்தி மடக்குக் கதிரையில் இருந்தாள். மடியில் சட்டம் போட்ட படம். மீசை அரும்பிய ஒரு பெடியன். தண்ணீர்ப் போத்தலைக் கதிரைக் கைபிடியில் சீலைத் துண்டால் கட்டியிருந்தாள். நீங்களும் அப்படித்தான் கட்டுவீர்கள். எங்கள் வாகனம் ஏ9 வீதியால் போகும்போதெல்லாம் யன்னலால் உங்களைப் பார்த்திருக்கிறேன். என் கையில் ஐஸ்கிரீம் உருகி முழங்கைவரை வழிந்தது. கிழவி நிமிர்ந்து பார்க்க முதல் திரும்பி வேறு தெருவால் போய்விட்டேன்.

திங்கள் காலை இன்னோர் இடம் போனேன். வகுப்பு நடந்த முகாமுக்குள்ளேயே ஒரு கட்டடம். சண்டையில் காணாமல் போனவர்களின் எலும்புகளை இரண்டு பக்கத்தாரும் குழி தோண்டி எடுத்து அங்கே ஆள் ஆளாக அடுக்குகிறார்கள். உறவினர் கொடுத்த இரத்தத்தோடு ஒப்பிட்டு யார் என்று கண்டுபிடிக்கிறார்கள். வேலைசெய்யும் பெண் ஒருத்தி உள்ளே கூட்டிப்போனாள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர், மண்டையோட்டிலிருந்து கால்விரல்வரை. குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்களாம். தாய் ஒருத்தி முன்பல்லில் உடைந்திருந்த மூலையைத் தடவி, சைக்கிளால் விழுந்து உடைத்தவன் என்று சொன்னாளாம். அந்தத் தாயை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

அண்ணா இல்லை அம்மா. இதை யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அவனைத் தேடத்தான் ஆமிக்குள் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வருடம் உண்மையாகவே தேடினேன். கண்ணில் பட்ட பட்டியல் எல்லாம் பார்த்தேன். பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டும் கேட்டேன். அவர் என்னை இரண்டு மாதம் குசினிச் சமையலுக்கு மாற்றினார். அதற்குப் பிறகு தேடவில்லை. கட்டிலும் மின்விசிறியும் மூன்று நேரச் சாப்பாடும் பழகிவிட்டது.

நீங்கள் ஒருதரம் இரத்தம் கொடுத்து வையுங்கள். எங்காவது எதையாவது தோண்டும்போது ஒப்பிடலாம். நான் வந்து கூடவே வருகிறேன்.

தேனுகா


வட்டக்கச்சி
02.06.2023
கொட்டகையில் 2294ஆம் நாள்

தேனுகா,

என் பிள்ளையைப் பெட்டிக்குள் அடைக்க உனக்கு என்ன அவசரம்? மரணச் சான்றிதழ் எடுங்கோ என்று இங்கே வந்து கேட்டவர்களுக்கு விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டினவள் நான். இப்போது பெற்ற மகளே கடல் கடந்து நின்று எலும்புக் கதை சொல்கிறாள். முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு அடுத்தநாள் உன் கடிதம் கைக்கு வந்தது. நல்ல நாள் பார்த்துத்தான் வந்தது.

நீ எனக்குச் சொன்னாய், இப்போது நான் உனக்குச் சொல்கிறேன். ஒருநாள் புலிகள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் வந்து பதியச் சொல்லி வட்டுவாகல் பாலத்தடியில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. அண்ணனை இயக்கம் பிடித்துக்கொண்டு போய் இருபத்தொரு நாள்தான். ஓடாமல் இருக்கத் தலைமயிரை ஒட்ட வெட்டி விட்டிருந்தார்கள். நான் துவாயால் அவன் தலையை மூடி, நடுவில் விட்டுக் கூட்டிவந்தேன். தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் உன்னிடம் குனிந்து, "தங்கச்சி, அண்ணா இயக்கத்தில இருந்தவரா?" என்று கேட்டான். நீ தலையை ஆட்டினாய். பதினைந்து வயது. விவரம் தெரியாத குழந்தை இல்லை.

அன்று ஆட்டிய தலையில்தான் இன்று ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டிருக்கிறாய். கொட்டகையில் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். தங்கச்சிதான் காட்டிக்கொடுத்தவள், பிறகு கூலிக்கு அங்கேயே போய்ச் சேர்ந்தவள்.

இரத்தம் கொடுக்க மாட்டேன். நீயும் வராதே.

விமலேஸ்வரி


நாகூரா
24.06.2023

அம்மா,

தலையாட்டினேன். அதை நான் ஒருநாளும் மறுக்கவில்லை.

ஆனால் துவாயை எடுத்தது யார்? வரிசை பாலத்தை நெருங்கும்போது நீங்களே அதை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தீர்கள். பிறகு என் காதில் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம். "கேட்டா ஓம் எண்டு சொல்லு. பதிஞ்சாத்தான் பாதுகாப்பு. பதியாட்டித்தான் பிறகு வந்து பிடிப்பாங்கள்."

நீங்கள் பொல்லாதவர் என்பதால் அப்படிச் சொல்லவில்லை. வீட்டிலிருந்து மாத்தளன்வரை பத்து இடம் மாறினோம். பத்து இடத்திலும் விதானையிடம் பெயர் பதிந்தபிறகுதான் அரிசியும் பருப்பும் தறப்பாளும் கிடைத்தன. பதியாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. அப்பா செல்லடியில் போன அன்றும், அழுது முடிக்க முதல் ஓடிப்போய் குடும்ப அட்டையில் அவர் பெயரை வெட்டுவித்து வந்தீர்கள். அதே பழக்கத்தில் அண்ணாவையும் பதிந்தீர்கள்.

"அம்மா, வேண்டாம்" என்று அவன் சொன்னான். நீங்கள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மேசைக்கு முன்னால் விட்டீர்கள். பெயரைப் பிழையாக எழுதிவிடுவார்கள் என்று எழுத்துக்கூட்டிச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். அவர்கள் எழுதியது சரியா என்று எட்டிப் பார்த்தீர்கள்.

பதினான்கு வருடம் நான் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. தங்கச்சி காட்டிக்கொடுத்தாள் என்று ஊர் முழுக்க நீங்கள் சொல்லித் திரிவதைக் கேட்டும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். உங்களுக்கு அது தேவை என்று நினைத்தேன். ஆனால் எனக்கும் அலுத்துவிட்டது அம்மா. நீங்கள் அந்தக் கொட்டகையில் இருப்பது அண்ணா வருவான் என்று நம்பி இல்லை. எழுந்தால் இந்த ஞாபகம் வந்துவிடும் என்ற பயத்தில்.

எழுதிவிட்டேன். எழுதியதற்காக வருத்தப்படுகிறேன், ஆனாலும் வெட்டவில்லை. ஒருநாள் மட்டும் வர விடுங்கள். இதைப் பற்றிக் கதைக்க மாட்டேன். குசினி மூலையில் இருந்து உங்கள் கையால் ஒரு நேரம் சோறு தின்றுவிட்டுப் போய்விடுகிறேன்.

தேனுகா


வட்டக்கச்சி
16.07.2023
கொட்டகையில் 2338ஆம் நாள்

தேனுகா,

நீ எழுதியது உண்மை. துவாயை அவிழ்த்தது நான். கையைப் பிடித்துக் கொண்டுபோனது நான். பெயரைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். போதுமா?

அந்த மேசைக்கு முன்னால் நடந்ததை அறிந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் இன்னும் வரவில்லை. மற்றது நான். மூன்றாவது நீ. ஆமிக்குப் போனதற்காகத்தான் உன்னை வெறுத்தேன் என்று இவ்வளவு காலமும் நானே நம்பியிருந்தேன். உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் விளங்கியது. ஆமிக்குப் போன பிள்ளைகளை வீட்டுக்குள் எடுத்த தாய்மார் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். நானும் எடுத்திருப்பேன். நீ எனக்கு முன்னால் இருந்து சோற்றைப் பிசைந்தால், உன் முகத்தில் எனக்கு அந்தப் பாலந்தான் தெரியும். ஒருநேரச் சோறுகூட என்னால் முடியாது.

வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். உன்னுடைய சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பத்துக்கு எடுத்த படம் ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். டவுனில் கொடுத்துப் பெருப்பித்துச் சட்டம் போட்டு, கொட்டகையில் அண்ணனின் படத்துக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டேன். கீழே உன் பெயர். அதற்குக் கீழே, காணாமல் ஆக்கப்பட்டது 2012.

கொட்டகையில் என்னோடு இருக்கிற கமலாசனிக்கு உன்னைத் தெரியும். "அக்கா, இது பொய்யெல்லோ?" என்று கேட்டாள்.

"இவளை ஆர் கொண்டுபோனது எண்டு நீயே சொல்லு பாப்பம்" என்றேன்.

"ஆமி."

"பிறகென்ன?"

அவள் எழும்பி, சரிந்திருந்த உன் படத்தை நேராக்கினாள். மற்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். நேற்று வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். உனக்காக நான் அழுதது அதுதான் முதல்தடவை. ஆறுதலாக இருந்தது. படத்தில் இருக்கிற பிள்ளையோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

இனி நீ வந்தால் அவ்வளவு சனத்துக்கும் முன்னால் நான் பொய்க்காரி ஆவேன். நான் பொய் என்றால் உன் அண்ணனும் பொய் என்பார்கள். அவனை நினைத்தாவது வராதே.

அம்மா


வவுனியா
27.08.2023

அம்மா,

வீட்டுக்கு வரவில்லை. வராதே என்றீர்கள், வரவில்லை. போன ஞாயிறு கொட்டகைக்குத்தான் வந்தேன். வீதியால் போகிற எவரும் அங்கே ஏறலாம்தானே.

பஸ்ஸால் இறங்கி எதிர்ப்பக்கத்துக் கடையில் சோடா குடித்தபடி அரைமணித்தியாலம் நின்றேன். கமலாசனி அக்கா சாப்பிடப் போகும்வரை. பிறகு வீதியைக் கடந்தேன். ஓட வேண்டும்போல இருந்தது, இந்தமுறை ஓடவில்லை.

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தீர்கள். அந்த நேரம் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் கை கதிரைப் பிடியை விட்டு எழும்பியது. எழும்பிய கையால் பக்கத்தில் இருந்த கதிரையைக் காட்டினீர்கள்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ. எந்த இடம் நீங்கள்?"

இருபத்தொன்பது வருடத்தில் நீங்கள் என்னை ஒருநாளும் வாங்கோ என்று கூப்பிட்டதில்லை.

"வவுனியா" என்றேன்.

பக்கத்தில் சுதாஜினி என்றொரு பெண், புதிதாக வந்தவள்போல, என்னைத் தெரியாதவள். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அண்ணா சிரித்துக்கொண்டு இருந்தான். பக்கத்தில் நான். அந்தப் படம் எடுத்த அன்று பின்னலை இறுக்கிக் கட்டிவிட்டது நீங்கள்தான்.

"இவா எப்ப காணாமல் போனவா?" என்று கேட்டேன்.

"பத்து வருஷம் தாண்டிட்டுது."

"திரும்பி வந்தா வீட்டை எடுப்பியளோ?"

சுதாஜினி என்னை முறைத்தாள், இப்படியும் ஒருத்தி கேட்பாளா என்று. நீங்கள் யோசிக்கவே இல்லை. "ஏன் பிள்ளை எடுக்காமல்? என்ர பிள்ளையெல்லோ. நடந்து வந்தாளெண்டால் இந்த வீதியிலேயே விழுந்து கும்பிட்டுக் கூட்டிக்கொண்டு போவன்" என்று சொன்னீர்கள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். சொல்லும்போது உண்மையாகவே அழுதீர்கள்.

சுதாஜினி உங்கள் முதுகைத் தடவிவிட்டாள். பிறகு ஐ.நா.வுக்கு அனுப்பும் மனுவை என் மடியில் வைத்துப் பேனையையும் தந்தாள். எங்கள் பிள்ளைகளை எங்களிடம் திருப்பித் தாருங்கள் என்று மேலே அச்சடித்திருந்தது. உங்கள் பெயருக்கு நேரே பிள்ளைகளின் பெயர் இரண்டு, நிருஷன், தேனுகா. அதற்குக் கீழே ஆதரவு தருபவர்கள் கையெழுத்திட இடம்.

என்னைத் திருப்பிக் கேட்டு நானே கையெழுத்து வைத்தேன். இலட்சுமி, வவுனியா என்று எழுதினேன். நீங்கள் தாளை வாங்கி, எழுதியது சரியா என்று பார்த்துவிட்டு, "நன்றி பிள்ளை, போயிட்டு வாங்கோ" என்றீர்கள்.